செங்கல் சுவருக்குப் பெயிண்டா, சுண்ணாம்பா?

பூச்சு இல்லாமல், செங்கல் வெளியே தெரியும்படி கட்டிய வீடுகளில் ஏழெட்டு மழை கழிந்ததும் இந்தக் கேள்வி எழுந்துவிடும். சிவப்பு மங்கியிருக்கும். ஜன்னலுக்குக் கீழே வெள்ளையாக உப்பு பூத்திருக்கும். வெயில் படாத பக்கம் பாசி காய்ந்து கறுத்துக் கிடக்கும். பெயிண்டரைக் கூப்பிட்டால், “ரெண்டு கோட் எக்ஸ்டீரியர் எமல்ஷன் அடிச்சுடலாம் சார், பத்து வருஷம் திரும்பிப் பார்க்க வேணாம்” என்பார். வீட்டில் பெரியவர்கள் இருந்தால், “சுண்ணாம்பு அடிப்பா, சுவருக்கு அதுதான் நல்லது” என்பார்கள். நடுவில் நிற்கும் வீட்டுக்காரர் இரண்டுக்கும் சதுர அடிக்கு எவ்வளவு என்று கணக்குப் போடத் தொடங்குவார்.

கணக்கு பிறகு போடலாம். அதற்கு முன் உங்கள் சுவர் நனைந்தால் எப்படிக் காய்கிறது என்று பார்க்க வேண்டும். பெயிண்டா சுண்ணாம்பா என்பதை நிறத்தைவிட, விலையைவிட, இதுதான் தீர்மானிக்கிறது.

செங்கலும் தண்ணீரும்

கட்டுவேலை நடக்கும் இடத்தில் கொத்தனார் செங்கலைத் தொட்டியில் ஊறப்போடுவதைப் பார்த்திருப்பீர்கள். கல் மூழ்கியதும் குமிழ் குமிழாகக் காற்று கிளம்பும். கல்லுக்குள் இருக்கும் நுண்துளைகளில் தண்ணீர் புகுந்து காற்றை வெளியே தள்ளுகிறது. சாதாரணச் சூளைச் செங்கல் 24 மணி நேரம் தண்ணீரில் கிடந்தால் தன் எடையில் 20 சதவீதம் வரை உறிஞ்சலாம் என்று இந்தியத் தர நிர்ணயமே அனுமதிக்கிறது. மூன்று கிலோ கல் என்றால் அரை லிட்டருக்கும் மேல். ஒரு சுவரில் எத்தனை ஆயிரம் கல் இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

சுவருக்குள் தண்ணீர் போக வழிகள் பல. மழைச் சாரல் நேரே அடிக்கும். கல்லுக்கும் கலவைக்கும் நடுவே முடி அளவு விரிசல் விட்டிருந்தாலும் அதன் வழியே உள்ளே இறங்கும். மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரின் தலையில் பூச்சு வெடித்திருந்தால் அங்கிருந்து கீழே கசியும். அஸ்திவாரத்தில் ஈரத்தடுப்புப் பட்டை இல்லாத பழைய வீடுகளில் தரையிலிருந்து ஓதம் ஏறும். குளியலறைக் குழாய் கசிந்தால் அதுவும் சேர்ந்துகொள்ளும். ஆனால் வெளியேறும் வழி அநேகமாக ஒன்றுதான்: வெளிமுகத்தின் துளைகள் வழியே ஆவியாகிக் காற்றில் கலப்பது. மழை விட்டு நல்ல வெயில் காய்ந்தால் சுவர் தானாகவே உலர்ந்துவிடும். செங்கல் கட்டடங்கள் நூறு வருடம் தாண்டி நிற்பதற்கு இது ஒரு முக்கியமான காரணம்.

தண்ணீரோடு உப்பும் வருகிறது. மண்ணில் இருக்கும் உப்பு, செங்கல் மண்ணிலேயே இருந்த உப்பு, சிமெண்டிலிருந்து வருவது, கடலோர ஊர்களில் காற்றில் வருவது எல்லாம் ஈரத்தில் கரைந்து நகரும். ஈரம் ஆவியாகும் இடத்தில் உப்பு மட்டும் படிகமாகத் தங்கிவிடும். சுவரின் மேல்முகத்தில் தங்கினால் வெள்ளைப் பொடிதான். பார்க்க அசிங்கமாக இருக்கும், கெடுதல் குறைவு. உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்து உதிர்த்து, பொடியை அள்ளிப் போட்டுவிடலாம். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் அது மறுபடி கரைந்து உள்ளேயே போகும், அடுத்த வெயிலில் திரும்ப வரும்.

பெயிண்ட் அடித்தால் என்ன ஆகிறது

எக்ஸ்டீரியர் எமல்ஷன் என்பது அக்ரிலிக் பிசின் கலந்த பெயிண்ட். தண்ணீர் வற்றியதும் பிசின் ஒன்றோடொன்று ஒட்டி, சுவரின் மேல் தொடர்ச்சியான ஒரு சவ்வாகப் படிகிறது. வெளியிலிருந்து வரும் மழையை அது நன்றாகவே தடுக்கும். நிறம் சீராக இருக்கும், கடையில் ஆயிரக்கணக்கான ஷேடு கிடைக்கும், தொட்டால் கையில் ஒட்டாது. பூச்சுப் பூசிய, உள்ளே ஈரமில்லாத சுவருக்கு அது நல்ல பொருள். அதில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை.

பூச்சில்லாத செங்கலில் கதை வேறு. இங்கே நூற்றுக்கணக்கான அடி நீளத்துக்குக் கலவைக் கோடுகள் ஓடுகின்றன. கல்லும் கலவையும் வெயிலில் ஒரே அளவில் விரிவதில்லை. அந்தக் கோடுகளில் எங்காவது சவ்வு கிழியும், அது வழியாக மழை உள்ளே போகும். ஓதமும் கீழிருந்து ஏறிக்கொண்டேதான் இருக்கும். போன தண்ணீர் முன்போல வேகமாக வெளியேற முடியாது. சித்திரை வெயிலில் சுவர் சூடேறும்போது உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகிச் சவ்வை முட்டும். முதலில் கொப்புளம், பிறகு உரிசல். அதைவிட மோசம், மேலே பூக்க வேண்டிய உப்பு இப்போது சவ்வுக்குப் பின்னால், கல்லின் துளைகளுக்குள் படிகமாகிறது. படிகம் வளர வளரக் கல்லின் முகத்தை உள்ளிருந்து பெயர்க்கும். பெயிண்ட் உரிந்து விழும்போது அதன் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்: செம்மண் நிறத்தில் ஒரு படலம் ஒட்டியிருந்தால் அது கல்லின் தோல்.

“மூச்சு விடும் பெயிண்ட்” என்று டப்பாவில் போட்டிருப்பார்கள். ஓரளவு உண்மைதான், இன்றைய எமல்ஷன்களில் நீராவி கொஞ்சம் ஊடுருவும். ஆனால் சுண்ணாம்போடு ஒப்பிட்டால் அது மிகக் குறைவு. ஒவ்வொரு முறை மறுபடி அடிக்கும்போதும் சவ்வு இன்னும் தடித்து, அதுவும் குறைந்துகொண்டே போகும்.

இன்னொன்றையும் அடிப்பதற்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டும். செங்கலில் ஏறிய பெயிண்டை முழுதாக எடுப்பது கிட்டத்தட்ட முடியாத காரியம். மணலைப் பீய்ச்சிச் சுரண்டினால் சூளையில் வெந்து இறுகிய வெளித்தோலும் சேர்ந்து போய்விடும். உள்ளிருக்கும் மென்மையான பகுதி வெளியே வந்து, இன்னும் அதிகமாகத் தண்ணீர் குடிக்கும். ரசாயனம் போட்டு எடுக்கலாம், செலவு அதிகம், துளைக்குள் போனது வராது. ஆகவே செங்கலுக்குப் பெயிண்ட் என்பது ஒருமுறை எடுத்தால் அந்த வீடு இருக்கும்வரை தொடரும் முடிவு.

சுண்ணாம்பு என்ன செய்கிறது

சுண்ணாம்புக்கல்லையோ கிளிஞ்சலையோ காளவாயில் சுமார் 900 டிகிரி சூட்டில் சுட்டால் அதிலிருந்து கரியமில வாயு பிரிந்து போய்விடும். சுத்தமான கல் 100 கிலோ போட்டால் 44 கிலோ வாயுவாகப் போய், 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். அதைத் தண்ணீரில் போட்டால் ‘புஸ்’ என்று பொங்கி, கொதித்து, நீறி மாவாகும். அந்த நீற்றிய சுண்ணாம்பைக் கரைத்துச் சுவரில் அடிக்கிறோம். அடித்த பிறகு அது காற்றிலிருக்கும் கரியமில வாயுவைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டு மறுபடியும் சுண்ணாம்புக்கல்லாகவே மாறுகிறது. சூளையில் விட்டதைச் சுவரில் திரும்ப வாங்கிக்கொள்கிறது.

அதாவது வெறுமனே காய்ந்து ஒட்டுவதோடு முடிவதில்லை. கல்லின் துளைகளுக்குள் இறங்கி, அங்கேயே மெல்லிய கல்லாக இறுகுகிறது. அந்தக் கல்லும் துளையுள்ளதுதான். ஈரம் முன்பு எந்த வழியில் வெளியேறியதோ அதே வழியில் தொடர்ந்து வெளியேறும். உப்பு பூத்தாலும் மேலே பூக்கும், தட்டிவிடலாம். புதிதாக அடித்த சுண்ணாம்பின் காரம் கடுமையானது, பிஎச் அளவு 12க்கு மேல். அதனால் பாசியும் பூஞ்சையும் ஆரம்பத்தில் அண்டாது. இறுகி முடிந்த பிறகு அந்தக் காரம் தணிந்துவிடும், நிழல் பக்கத்தில் பாசி திரும்பவும் வரும். வெள்ளைச் சுவர் வெயிலைத் திருப்பி அனுப்புவதால் மேற்குப் பார்த்த அறைகளில் வெக்கை குறைவதும் உண்டு.

குறைகளையும் சொல்ல வேண்டும். சுண்ணாம்பு தேயும். மழை நேரே அடிக்கும் சுவரில் இரண்டு மூன்று வருடத்தில் மெலிந்து செங்கல் எட்டிப் பார்க்கும். சரியாக இறுகாவிட்டால் சாய்ந்தவர் சட்டையில் வெள்ளை ஒட்டும். நிறம் எல்லா இடத்திலும் ஒரே சீராக வராது, மேகம் படர்ந்த மாதிரி ஏற்ற இறக்கம் தெரியும். சிலருக்கு அதுவே பிடிக்கும். கண்ணாடி போன்ற ஒரே நிறம் வேண்டும் என்பவர்களுக்குப் பிடிக்கவே பிடிக்காது. நிறமும் மண்ணிலிருந்து வருபவற்றில்தான் எடுக்க வேண்டும்: காவி, மஞ்சள் காவி, அவற்றின் கலப்புகள். கோயில் மதிலின் காவிப் பட்டைகள் தலைமுறைகளாகச் சுண்ணாம்போடு ஒத்துப்போகின்றன என்றால், காவி அந்தக் காரத்தைத் தாங்கும் என்பதுதான் காரணம். எமல்ஷனில் நிறத்துக்காகக் கலக்க விற்கும் ஸ்டெயினர்கள் பலவும் தாங்காமல் வெளுத்துவிடும்.

தேய்வதைக் குறையாக மட்டும் பார்க்க வேண்டாம் என்பேன். உரிந்து தொங்காமல் தேய்ந்தே மறைவதால், மறுபடி அடிக்கும்போது சுரண்ட வேண்டிய வேலை இல்லை. தூசி தட்டி, நனைத்து, மேலே அடித்துக்கொண்டு போகலாம். பொங்கலுக்குப் பொங்கல் வெள்ளையடித்த வழக்கத்தில் பழைய சுவர்களுக்குத் தொடர்ந்து பராமரிப்பு கிடைத்துக்கொண்டே இருந்தது.

உங்கள் சுவரைச் சோதித்துப் பாருங்கள்

சுண்ணாம்பு எல்லாச் சுவரிலும் பிடிக்காது. ஒரு டம்ளர் தண்ணீரைச் சுவரில் வீசிப் பாருங்கள். கல் உடனே நிறம் கறுத்துத் தண்ணீரை இழுத்துக்கொண்டால் சுண்ணாம்பு பிடிக்கும். முத்து முத்தாக உருண்டு வழிந்தால் ஏற்கெனவே வார்னிஷோ சிலிக்கோன் கோட்டிங்கோ அடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அந்தக் கோட்டிங் இருக்கும்வரை சுண்ணாம்பு உதிர்ந்துவிடும். மெஷினில் கம்பியால் அறுத்துச் செய்த வழவழப்பான வயர்கட் செங்கல் நடுத்தரம். மெதுவாக இழுக்கும், சுண்ணாம்பு பிடிக்கும், ஆனால் நாட்டுச் செங்கலில் போல ஆழமாக இறங்காது. சுவரில் ஒட்டிய கிளேஸ் போட்ட டைல் என்றால் சுண்ணாம்பை மறந்துவிடுங்கள்.

ஒரே இடத்தில் மட்டும் சோதிக்காதீர்கள். மழை படும் பக்கம், நிழல் பக்கம், தரையோரம், சன்ஷேடுக்கு அடியில் என்று நாலைந்து இடத்தில் பாருங்கள். தரையோரம் ஏற்கெனவே ஈரமாக இருந்து, கலவையை விரலால் சுரண்டினால் மாவாக உதிர்ந்தால், அது ஓதம். அதைச் சரிசெய்யாமல் மேலே எதை அடித்தாலும் காசு வீண். சுவரையொட்டிச் சிமெண்ட் தளம் போட்டு மழைநீர் அங்கேயே தேங்குகிறதா, தோட்டத்து மண் ஈரத்தடுப்புப் பட்டைக்கு மேலே ஏறியிருக்கிறதா, மொட்டைமாடித் தண்ணீர் வடிகுழாயை விட்டுச் சுவரில் வழிகிறதா என்று பார்த்துச் சரிசெய்ய வேண்டும். பெரும்பாலும் இதிலேயே பாதிக் கறை நின்றுவிடும்.

எதுவும் அடிக்காமல் விட்டால்?

இந்த மூன்றாவது வழியை யாரும் சொல்ல மாட்டார்கள், ஏனென்றால் அதில் யாருக்கும் கூலி இல்லை. கல் உறுதியாக இருந்து, அழுக்கு மட்டுமே பிரச்சினை என்றால், என் முதல் ஆலோசனை அப்படியே விட்டுவிடுங்கள் என்பதுதான். 1892இல் திறக்கப்பட்ட சென்னை உயர் நீதிமன்றம் செங்கல் வெளியே தெரியக் கட்டிய கட்டடம். திருவனந்தபுரத்தில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கட்டிய வீடுகளும் நிறுவனங்களும் கேரளத்துப் பேய்மழையில் பூச்சில்லாமல் நிற்கின்றன. அதே சென்னையில் 1913இல் திறந்த ரிப்பன் மாளிகையும் செங்கல்தான், ஆனால் சுண்ணாம்புக் காரை பூசி வெள்ளையாக நிற்கிறது. இரண்டு வழிக்கும் நம் ஊரிலேயே நூறு வருடச் சாட்சி இருக்கிறது.

அப்படியே விடுவது என்றால் கவனிக்காமல் விடுவது இல்லை. கலவை உதிர்ந்த கோடுகளைச் சுரண்டி மறுபடி பாயிண்டிங் செய்ய வேண்டும். பழைய சுண்ணாம்புக் கலவையில் கட்டிய வீடு என்றால் சுண்ணாம்புக் கலவையே போடச் சொல்லுங்கள். அங்கே கெட்டியான சிமெண்ட் வைத்து அடைத்தால் ஈரம் கலவை வழியே வர முடியாமல் கல் வழியே வந்து, கல்லைத்தான் அரிக்கும். பாசியை நார் பிரஷ்ஷால் தேய்த்துக் குறைந்த தண்ணீரில் கழுவினால் போதும். பளிச்சென்று ஆக்குகிறேன் என்று யாராவது ஆசிட் கேனோடு வந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள். ஆசிட் கலவைக் கோடுகளைக் கரைக்கும், தன் பங்குக்குப் புது உப்பையும் சுவருக்குள் விட்டுவிட்டுப் போகும்.

சுண்ணாம்புதான் என்று முடிவெடுத்தால்

கடையில் டப்பாவில் ‘லைம் வாஷ்’ என்று விற்பதை வாங்கும் முன் பின்பக்கம் படியுங்கள். அக்ரிலிக் என்று இருந்தால் அது சுண்ணாம்பின் தோற்றம் தரும் பெயிண்ட், அவ்வளவுதான். உண்மையான பொருள் சுண்ணாம்புக் கடையில் மூட்டையில் கிடைக்கிறது.

மத்தியப் பொதுப்பணித் துறை தன் கட்டடங்களுக்கு வைத்திருக்கும் வழிமுறை எளிமையானது: ஒரு கிலோ நீற்றாத சுண்ணாம்புக்குச் சுமார் ஐந்து லிட்டர் தண்ணீர், கலக்கி 24 மணி நேரம் விட்டு, பிறகு முரட்டுத் துணியில் வடிகட்டுவது. இதில் 24 மணி நேரம் என்பது குறைந்தபட்சம். எத்தனை நாள் ஊறுகிறதோ அத்தனை நல்லது. நீறாத துணுக்கு ஏதாவது தங்கிவிட்டால் அது சுவரில் ஏறிய பிறகு பொரிந்து குழி விழும்.

நீற்றும்போது இரும்பு டிரம்மில் முதலில் தண்ணீரை ஊற்றி, பிறகு சுண்ணாம்புக் கட்டிகளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். மெல்லிய பிளாஸ்டிக் வாளி அந்தச் சூட்டில் இளகிவிடும். குழந்தைகள் பக்கத்தில் வரக்கூடாது. கண்ணுக்குக் கண்ணாடியும் கைக்கு உறையும் கட்டாயம், அடிக்கும்போதும்தான். தவறிக் கண்ணில் பட்டால் தேய்க்காமல் உடனே நிறைய தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும், பிறகு நேரே கண் மருத்துவரிடம்.

அடிக்கும் பதம் நீர்மோர். முதல்முறை அடிப்பவர்கள் எல்லோரும் இங்கேதான் ஏமாறுகிறார்கள். பிரஷ்ஷை இழுத்ததும் சுவரில் ஒன்றுமே தெரியாது, வெறும் தண்ணீர் அடித்த மாதிரி இருக்கும். உடனே கெட்டியாக்கத் தோன்றும். பொறுங்கள், காயக் காயத்தான் வெள்ளை ஏறும். கெட்டியாக ஒரே கோட் அடித்தால் வெடித்துச் செதில் செதிலாக விழும். மெல்லியதாக மூன்று கோட், வெறும் செங்கலுக்கு நான்கு அல்லது ஐந்து. ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு நாளாவது இடைவெளி. மேலிருந்து கீழே ஒரு இழுப்பு, அதே இடத்தில் கீழிருந்து மேலே, பிறகு பக்கவாட்டில் இருபுறமும், இவ்வளவும் பிரஷ்ஷின் ஈரம் காய்வதற்குள்.

ஒவ்வொரு கோட்டுக்கு முன்பும் சுவரை நனைக்க வேண்டும். தண்ணீர் சொட்டக் கூடாது, ஆனால் கல் குளிர்ந்து ஈரமாக இருக்க வேண்டும். சூடான வறண்ட கல்லில் அடித்தால் சுண்ணாம்பிலிருக்கும் தண்ணீரைக் கல் ஒரே இழுப்பில் குடித்துவிடும். ஈரம் இல்லாவிட்டால் அது கரியமில வாயுவை எடுத்து இறுக முடியாது, வெறும் பொடியாக நின்றுவிடும். சட்டையில் ஒட்டும் சுண்ணாம்பு பெரும்பாலும் இப்படி உச்சி வெயிலில் அடித்ததுதான். காலையில் மேற்குச் சுவர், மாலையில் கிழக்குச் சுவர் என்று நிழல் பார்த்து அடிக்கச் சொல்லுங்கள். ஒட்டாமல் இருப்பதற்குச் சாதக் கஞ்சியோ பசையோ கொஞ்சம் கலப்பது பழைய வழக்கம். அதற்குப் பதிலாக இப்போது பெவிகால் நிறைய ஊற்றிவிடுகிறார்கள். அளவு கூடினால் அது சவ்வாக மாறி, சுண்ணாம்பைத் தேர்ந்தெடுத்த காரணமே போய்விடும்.

காலம் தை முதல் பங்குனி வரை. வடகிழக்குப் பருவமழையில் குடித்த தண்ணீரைச் சுவர் விட்டு முடித்திருக்க வேண்டும், சித்திரை அனலும் தொடங்கியிருக்கக் கூடாது. அடித்த நிறமோ தோற்றமோ பிடிக்கவில்லை என்றால் முதல் சில நாட்களுக்குள் தண்ணீர் விட்டுத் தேய்த்தே பெரும்பகுதியை எடுத்துவிடலாம். பெயிண்டில் இந்த வசதி கிடையாது. அதனால் வீட்டின் பின்பக்கம் நாலடிக்கு நாலடி அடித்து, ஒரு வாரம் பார்த்துவிட்டு முன்பக்கம் வாருங்கள்.

ஏற்கெனவே பெயிண்ட் அடித்த செங்கல்

இந்தச் சுவரில் சுண்ணாம்பு பிடிக்காது, பெயிண்டை எடுக்கவும் முடியாது. பெயிண்ட் உறுதியாக இருந்தால், உரிந்த இடங்களைச் சுரண்டி, கலவைக் கோடுகளைச் சரிசெய்து, முடிந்தவரை மெல்லிய எமல்ஷனாகவே மறுபடி அடிப்பதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும். நிறைய இடத்தில் தானாக உரிந்து கல் வெளியே வந்துவிட்டது என்றால் அவசரப்பட்டு மூடாதீர்கள். இரண்டு மூன்று கோடை உரிய விட்டு, மென்மையான பிரஷ்ஷால் தட்டிக்கொண்டே வந்தால் பெருமளவு உதிர்ந்துவிடும். தண்ணீர்ச் சோதனையில் கல் மறுபடி இழுக்கத் தொடங்கினால் அந்தப் பகுதிகளில் சுண்ணாம்பு அடித்துப் பார்க்கலாம்.

சுண்ணாம்பின் பராமரிப்பு முடியாது, எமல்ஷனும் வேண்டாம் என்பவர்களுக்கு நடுவே இரண்டு பொருள் உண்டு. ஒன்று சிமெண்ட் பெயிண்ட், ஊரில் ஸ்னோசெம் என்றே சொல்வார்கள். விலை குறைவு, எமல்ஷனைவிட ஈரத்தை விடும், ஆனால் அடித்த பிறகு தண்ணீர் தெளித்துப் பதப்படுத்தாவிட்டால் பொடியாகும். இன்னொன்று சிலிகேட் பெயிண்ட். ஜெர்மனியில் கைம் என்பவர் 1878இல் காப்புரிமை பெற்ற முறை, கல்லோடு ரசாயனமாகவே பிணைந்துவிடும், நீராவியையும் விடும், சுண்ணாம்பைவிடப் பல மடங்கு காலம் உழைக்கும். விலை அதிகம், இங்கே அதை அடிக்கத் தெரிந்த ஆள் கிடைப்பது அரிது, ஒருமுறை அடித்தால் அதையும் எடுக்க முடியாது. பெரிய வீடு, மழை மோதும் சுவர், பணமும் இருக்கிறது என்றால் விசாரிக்கலாம்.